அறிவியல் ஆசிரியர்களுக்கு: பிள்ளைகள் எடுத்த ரீடிங்கைத் திருத்தாதீர்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மெழுகுவத்திச் சோதனை செய்து காட்டிக்கொண்டிருந்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்ததும் சுடர் அணைந்தது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. "உள்ளே இருந்த ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு. காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறுது" என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், நாங்க வீட்ல ரெண்டு மெழுகுவத்தி வச்சுப் பாத்தோம். தண்ணி இதைவிட மேல ஏறுச்சு."

"நீ சரியாச் செஞ்சிருக்க மாட்டே. உட்காரு. அஞ்சுல ஒண்ணுன்னு எழுது."

உட்கார்ந்தாள், எழுதினாள். அந்த வருடம் முழுக்க அவள் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

அவள் சரியாகத்தான் செய்திருந்தாள். மெழுகுவத்தி இரண்டானால் தண்ணீர் கூடுதலாக ஏறும், மூன்றானால் இன்னும் ஏறும். டம்ளருக்குள் இருக்கிற ஆக்ஸிஜன் என்னவோ ஒரே அளவுதான். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்து, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. விளிம்பில் குமிழி வருவதைப் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. கூர்ந்து பார்த்தால், எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது, அணைந்த பிறகுதான் சரசரவென ஏறும். ஆக்ஸிஜன் முழுவதும் தீர்வதும் கிடையாது. 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே மெழுகுவத்தி அணைந்துவிடும். தீர்ந்த ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வேறு உள்ளே வந்திருக்கும்.

இதை நான் தெரிந்துகொள்ள இன்னும் ஆறேழு வருடம் ஆனது. ஒரு பயிற்சியில் ஒருவர் பாட்டிலில் வெந்நீரை ஊற்றி, ஆட்டி, கொட்டிவிட்டு, அதைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்தார். மெழுகுவத்தியே இல்லாமல் தண்ணீர் மேலே ஏறியது. எனக்கு அந்த இரண்டாவது பெஞ்சுப் பெண்ணின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மெழுகுவத்தியின் விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது பெரிய தப்பில்லை. யாருக்கும் எல்லாமும் தெரியாது. அறிவு என்றால் புத்தகத்தில் முடிந்துபோய் இருப்பது, என் வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்குவது, சோதனை என்பது அதற்குச் சாட்சி சொல்ல மேடைக்கு வருவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டால் "அறிவியல் என்றாலே கேள்வி கேட்பது" என்றுதான் சொல்லியிருப்பேன். அறிவியல் தின விழாவில் அதைப் பேசியும் இருக்கிறேன். என் கை வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது.

இருபத்தேழு வருட வேலையில், அந்தக் கையை மாற்ற என்னென்ன செய்தேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் உங்கள் வகுப்பை நீங்களே கேளுங்கள்

ஒரு பீரியட் முழுக்க உங்கள் செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். மேசை மேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரவு வீட்டு வேலை முடிந்ததும் தனியாக உட்கார்ந்து, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றே மூன்றை எண்ணினால் போதும்.

ஒன்று, நீங்கள் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு விடை உங்களுக்கு முன்பே தெரியும். எனக்கு முதல் தடவை வந்த கணக்கு 31-க்கு 31. இரண்டு, கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். நாற்பது பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது மூன்று நிமிடம் போல இருக்கும். நான் மனதுக்குள் "ஒரு ஆனை, ரெண்டு ஆனை, மூணு ஆனை" என்று எண்ணிப் பழகினேன். மூன்று, ஒரு பிள்ளை பதில் சொன்னதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல். பெரும்பாலும் "கரெக்ட்" அல்லது "தப்பு, அடுத்து நீ சொல்லு."

அறிவைப் பற்றி மனிதர்கள் என்ன நம்புகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் அதை நான்கு கேள்வியாகப் பிரிக்கிறார்கள். அறிவு என்றைக்கும் மாறாததா, மாறக்கூடியதா? உதிரி உதிரியான தகவலா, ஒன்றோடொன்று கோத்ததா? யாரிடமிருந்து வருகிறது? எதை வைத்து அதை ஒத்துக்கொள்கிறோம்? இதற்கெல்லாம் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் நம் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. நாம் எத்தனை விநாடி பொறுத்தோம், எதற்கு டிக் போட்டோம் என்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். விடை வந்த உடனே "கரெக்ட்" என்றால், சரியா என்று பார்க்கிற வேலை டீச்சருடையது, தன்னுடையது இல்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக "எப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். சரியான பதிலுக்கும் அதையே கேட்க வேண்டும், இது முக்கியம். தப்பான பதிலுக்கு மட்டும் கேட்டால் ஒரே வாரத்தில் "எப்படி" என்றாலே "தப்பு" என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரீடிங்கைத் திருத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வுக்குக் குவிலென்சின் குவியத் தொலைவு காண வேண்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து விடையை முதலில் எழுதி, அதற்கு ஏற்றபடி ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதைக் கண்டும் காணாமல் இருந்தவர்கள் நாம். சில இடங்களில் சொல்லிக்கொடுத்தவர்களும் நாம்தான். லென்சை ஜன்னல் பக்கம் பிடித்து, வேப்பமரத்தின் பிம்பத்தைச் சுவரில் தலைகீழாக விழவைத்து ஸ்கேலால் அளந்தால் அரை நிமிடத்தில் குவியத் தொலைவு ஏறக்குறையக் கிடைத்துவிடும். அதைச் செய்யாமலேயே மூன்று தசம இடம் வரை விடை எழுதியிருக்கும்.

தண்ணீரின் கொதிநிலையை அளக்கும் பாடத்தில்தான் நான் இதை மாற்ற ஆரம்பித்தேன். ஐந்து குழு, ஐந்து பீக்கர், ஐந்து வெப்பமானி. வந்த ரீடிங்குகள்: 97, 98, 99, 99, 101. "எல்லாரும் நோட்ல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சுற்றி வந்தேன். ஐந்து குழுவும் ரப்பரால் அழித்து 100 என்று எழுதியிருந்தது.

அழித்ததையெல்லாம் கேட்டு வாங்கிக் கரும்பலகையில் ஐந்து எண்களையும் எழுதினேன். அப்புறம் ஐந்து வெப்பமானியையும் ஒரே பீக்கரில் ஒன்றாக விட்டோம். அப்போதும் ஐந்தும் ஐந்து விதமாகத்தான் காட்டின. அப்படியானால் கருவிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது பிள்ளைகள். நான் வெப்பமானியை வைத்ததோடு சரி. அதன்பிறகுதான் உயரக் கணக்குக்கு வந்தேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில். முந்நூறு மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். திண்டுக்கல் முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆக எங்கள் ஊரில் நியாயமான விடை 99-ஐ ஒட்டித்தான் வரவேண்டும். கொடைக்கானலில் 93 வாக்கில் வரும், அங்கே அரிசி வேக நேரமாவதைத் தோட்ட வேலைக்குப் போய்வந்த வீட்டுப் பிள்ளைகள் உடனே சொன்னார்கள். 99-ஐ அழித்துவிட்டு 100 எழுதிய இரண்டு குழுவும் கையில் இருந்த நல்ல விடையை அழித்திருக்கிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு அதிகாரி பார்வைக்கு வந்தார். பலகையில் ஐந்து எண். "இதில் எதும்மா சரி? பிள்ளைகளைக் குழப்பாதீங்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டு, பார்வைக் குறிப்பேட்டிலும் எழுதிவிட்டுப் போனார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு வழி கற்றுக்கொண்டேன்: பாடக்குறிப்பில் "நோக்கம்" என்ற இடத்தில் "ரீடிங்குகள் ஏன் வேறுபடுகின்றன என மாணவர் காரணம் காணுதல்" என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. நீங்களும் எழுதிவையுங்கள்.

நடைமுறை இவ்வளவுதான். ரீடிங்கைப் பேனாவால்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எல்லாக் குழுவின் எண்ணும் பலகையில் ஏறும். ஒதுங்கி நிற்கிற எண்ணை எடுத்த குழுவை நோக்கி ஒரு சொல் கடுமையாகப் பேசக் கூடாது. அந்தக் குழுதான் அன்றைக்கு வகுப்புக்கு வேலை கொடுத்திருக்கிறது.

நிழலுக்குச் சில மாதம் கொடுங்கள்

செலவே இல்லாத, என் பார்வையில் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருகிற வேலை இது. ஒரு மீட்டர் குச்சி, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று, சாக்பீஸ். சமதளமான இடத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, தூக்குக்குண்டால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 11:45-லிருந்து 12:50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் புள்ளி வைத்து நீளத்தை அளக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வருவதால் மற்ற ஆசிரியர்களின் பீரியட் அதிகம் கெடாது.

தொடங்குமுன் இரண்டு கேள்வி. நிழல் எப்போது எல்லாவற்றையும்விடக் குட்டையாக இருக்கும்? அப்போது எந்தத் திசையில் விழும்? எல்லோரும் "பன்னிரண்டு மணிக்கு" என்பார்கள். திசைக்குப் பலர் "நிழலே இருக்காது, சூரியன் நேர் உச்சியில் நிக்கும்" என்பார்கள். சரி, தப்பு எதுவும் சொல்லாமல் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 28 அறிவியல் நாளில் திண்டுக்கல்லில் நிழல் குட்டையாவது 12:30-ஐ ஒட்டி. நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர், வடக்குப் பக்கம் விழும். முதல் தடவை பிள்ளைகள் என்னை நம்பவில்லை, கடிகாரத்தையும் நம்பவில்லை. தலைமையாசிரியர் அறைக் கடிகாரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்திருக்கிற நேரம், அது உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிறது. நாம் 78-இல் இருக்கிறோம், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று நமக்குச் சூரியன் 18 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. மீதி 12 நிமிடம் பூமி சூரியனைச் சுற்றும் பாதையாலும் அதன் சாய்வாலும் வருவது. எட்டாம் வகுப்புக்கு முதல் பாதி போதும். இரண்டாவது பாதியை "இன்னும் ஒரு காரணம் பாக்கி இருக்கு" என்று சொல்லி விட்டுவிடலாம். பாக்கி வைப்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டாம்.

ஜூலையில் அதே குச்சி, அதே இடம். நண்பகல் நிழல் இப்போது தெற்கே விழும். சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டது. நம் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இப்படித்தான், அந்த இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாள் நிழலே இல்லாமல் போகும். "சூரியன் தினமும் பன்னிரண்டு மணிக்கு உச்சியில் இருக்கும்" என்று அதுவரை எழுதியிருந்த நோட்டை எடுத்து, அதன் கீழேயே வருடம், தேதி போட்டு மாற்றி எழுதச் சொன்னேன். முதலில் எழுதியதை அடிக்கச் சொல்லவில்லை. ஒரு பையன் கேட்டான்: "அப்ப முதல்ல நீங்க ஏன் டீச்சர் தப்புன்னு சொல்லல?" "நான் சொல்லியிருந்தா நீ என் பேச்சைக் கேட்டிருப்பே. இப்ப குச்சி பேச்சைக் கேட்டிருக்கே" என்றேன்.

கண்டுபிடித்தவர் கதையைச் சண்டையோடு சொல்லுங்கள்

ராமன் விளைவு, 1928 பிப்ரவரி 28, நோபல் 1930 என்று முடித்துவிடுகிறோம். அதற்கு ஏழு வருடம் முன்னால் நடந்ததுதான் பிள்ளைகளுக்குத் தேவை. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் ராமனை இழுத்தது. வானத்தின் நீலம் கடலில் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது ராலே சொன்ன விளக்கம். ராலே நோபல் பரிசு பெற்றவர், ஒளியைப் பற்றி அவர் சொன்னால் உலகமே கேட்கும். ராமன் தன்னிடமிருந்த நிக்கோல் பட்டகத்தால் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) கடல் பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்து ஒளி சிதறி வருகிறது என்று, கப்பல் பம்பாய்க்கு வந்ததுமே எழுதி அனுப்பினார்.

இதைச் சொல்லும்போது ராலேயை முட்டாள் ஆக்கிவிடாதீர்கள். வானம் ஏன் நீலம் என்று நமக்குச் சொன்னவரே அவர்தான். பெரியவர் ஒருவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பது இல்லை என்பது நம் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். பெரியவர் பேச்சை மறுக்கக் கூடாது என்றுதானே வளர்க்கிறோம்.

உலக்கை நின்ற கதை

சில இளம் ஆசிரியர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு மறு பக்கம் சாய்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "அறிவு மாறிக்கொண்டே இருக்கும், எல்லாக் கருத்தும் ஒரு கருத்துதான், பிள்ளை சொல்வதைத் தப்பு என்று சொல்லக் கூடாது." இது முதல் தப்பைவிடக் குறைந்த தப்பில்லை. எதை வைத்து ஒத்துக்கொள்கிறோம் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

2019 டிசம்பர் 26-இல் வளையச் சூரிய கிரகணம் எங்கள் மாவட்டத்தில் நன்றாகத் தெரிந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், எங்க அப்பத்தா தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கைய நிறுத்திக் காட்டுச்சு. கிரகணம் விட்டதும் எடுத்துருச்சு. கிரகணத்துல மட்டுந்தான் நிக்குமாம்" என்றான். வகுப்பில் பாதி சிரித்தது, பாதி சிரிக்கவில்லை. சிரிக்காத பாதியின் வீட்டிலும் உலக்கை நின்றிருந்தது.

"மூடநம்பிக்கை, உட்காரு" என்றிருந்தால் அவன் என்னை நம்பியிருக்க மாட்டான். கண்ணால் பார்த்திருக்கிறானே. அப்பத்தா சொன்னதில் உலக்கை நின்றது என்பது உண்மை. கிரகணத்தால் நின்றது என்பதுதான் சோதிக்க வேண்டியது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அன்றைய பாடம். "உலக்கையைக் கொண்டுவர முடியுமா?" என்றேன். செவ்வாய்க்கிழமை சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தான். அடியில் இரும்புப் பூண் போட்ட கனமான உலக்கை. கிரகணமும் இல்லை, அமாவாசையும் இல்லை. தாம்பாளத்தில் நிறுத்தினான். சாய்ந்தது. பூணைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தினான், சாய்ந்தது. மூன்றாவது தடவை கையை மெதுவாக எடுத்தான். நின்றது. மணி அடிக்கும் வரை நின்றது. தண்ணீர் இல்லாமலும் நிறுத்திப் பார்த்தோம், நின்றது.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "கிரகணத்தப்ப சீக்கிரமா நிக்குமோ என்னமோ?" நல்ல கேள்வி. எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். பத்துத் தடவை முயற்சி செய்து எத்தனை தடவை நிற்கிறது என்று எண்ணலாம், அடுத்த கிரகணத்திலும் எண்ணலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குப் பகுதி கிரகணம். ஊரடங்கில் பள்ளி மூடிக்கிடந்தது. மதியத்துக்கு மேல் எனக்குப் போன் வந்தது: "டீச்சர், கிரகணத்துல பத்துக்கு ஆறு. நாளைக்கும் எண்ணிட்டுச் சொல்றேன்." மறுநாள் பத்துக்கு ஏழு. அப்பத்தாவும் கூட உட்கார்ந்து எண்ணினார்களாம்.

பரீட்சை இருக்கிறதே

இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. நானும் புக் பேக் கேள்விகளைப் படிக்க வைத்தேன், ஒரு மதிப்பெண் வினாக்களைச் சொல்ல வைத்தேன். அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஆறு முதல் ஒன்பது வரை அலகுத் தேர்வு வினாத்தாள் நம் கையில்தான் இருக்கிறது. 25 மதிப்பெண்ணில் 5-ஐ ஒதுக்குங்கள். புத்தகத்தில் விடை இல்லாத ஒரே ஒரு கேள்வி. உதாரணமாக, நிழல் அளவு அட்டவணை ஒன்றைக் கொடுத்து, நடுவில் ஒத்துவராத ஒரு எண்ணையும் வைத்து: "இந்த ரீடிங்கை என்ன செய்வாய்? ஏன்?" விட்டுவிடுவேன் என்றாலும் மார்க் உண்டு, வைத்துக்கொள்வேன் என்றாலும் உண்டு. காரணத்துக்குத்தான் மார்க். இது முதலில் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும். "எதை எழுதணும் டீச்சர்?" என்று அழாத குறையாகக் கேட்பார்கள். மூன்றாவது தேர்வில் சரியாகிவிடும்.

இது ஒரு டீச்சரின் ஆசை மட்டும் இல்லை. மத்தியப்பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் நால்வர் குழுவாகச் சோதனை செய்தார்கள். புத்தகத்தில் கேள்வி இருந்தது, விடை இல்லை. தேர்வைப் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதினார்கள். சாதாரண அரசுப் பள்ளிகள்தான். முப்பது வருடம் நடந்து, ஆயிரம் பள்ளிகள் வரை பரவி, 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். நாற்பது பிள்ளைகள் இருக்கிற அரசுப் பள்ளி வகுப்பில் இது நடக்காது என்று யாராவது சொன்னால் நான் சொல்வது, முப்பது வருடம் நடந்திருக்கிறது என்று.

ஆக்ஸிஜனை உண்மையிலேயே அளக்க

மெழுகுவத்திச் சோதனையை விட்டுவிட வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துச் செய்யவிட்டு, ஏன் என்று கேளுங்கள். ஆக்ஸிஜன் எத்தனை பங்கு என்று அளக்க வேண்டுமானால் இரும்பைத் துருப்பிடிக்க வையுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் இரும்புத் தூள் சும்மாவே தருவார்கள். அதில் எண்ணெய் இருக்கும். சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பளபள கம்பி நார் உதவாது, அது துருப்பிடிக்காத எஃகு. சோதனைக் குழாயின் உட்புறத்தை உப்புத் தண்ணீரால் நனைத்துத் தூளைத் தூவினால் அடியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி, நீர்மட்டத்தில் குறி வைத்து, வெயில் படாத ஜன்னலில் ஒரு வாரம் விடுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். மதியம் அளந்தால் காற்று விரிந்து ரீடிங்கைக் கெடுக்கும்.

ஓய்வுக்கு முந்தைய வருடம் கடைசியாக ஒருமுறை செய்தேன். 15 சென்டிமீட்டர் குழாய். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 3 சென்டிமீட்டர் ஏற வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பலகையில் ஏறிய எண்கள்: 2.8, 3.1, 2.9, 3.0, 1.4.

எல்லோரும் 1.4 குழுவைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் ஆனைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்றும் போய் ஏழெட்டு ஆனை போயிருக்கும். அந்தக் குழுவில் குட்டையாக இருப்பாள் ஒருத்தி, எழுந்தாள். "டீச்சர், எங்க தூள நாங்க ஒரு தடவைதான் கழுவுனோம். எண்ணெய் போகல போல."

"இருக்கலாம்" என்றேன்.

"அப்ப ரெண்டு குழாய் தாங்க டீச்சர். ஒண்ணுல நல்லாக் கழுவுனது, ஒண்ணுல கழுவாததே வைக்கிறோம். அதுதானான்னு பாக்கணும்ல."

அடுத்த பீரியட் தமிழ். வாசலில் வந்து நின்ற தமிழம்மாவிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து இரண்டு குழாய் எடுத்துக் கொடுத்தேன்.